அறுபத்தொரு கிலோ மைக்ரானும் ஏழு கிலோ சாம்பிளும்

சுட்ட தோசையை மைக்ரோமீட்டரில் கவ்வவிட்டு அளந்து பார்த்து, "ஓரம் சரி, நடுவுல தடிப்பு" என்று அடுப்படிக்கே திருப்பி அனுப்பிய மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருந்தார். புனேயில் ஹடப்சர் தொழிற்பேட்டைக்குப் பின்னால், மூன்று மாடியும் பன்னிரண்டு வீடுமாக இருந்த எங்கள் சொசைட்டியில் அவருக்கு மைக்ரான் என்று பெயர். நிஜப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருந்தது. ஒருமுறை பார்த்திருக்கிறேன், அவருக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை.

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் துண்டு போட்டால் அதில் ஒரு துண்டு. பம்புக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அவர் இன்ஸ்பெக்டர். லேத்தில் கடைந்து வருகிற ஒவ்வொன்றையும் அளந்து, சரியென்றால் பச்சைச் சீட்டு, சரியில்லை என்றால் சிவப்புச் சீட்டு, திருத்தினால் தேறும் என்றால் மஞ்சள் சீட்டு. அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தவர் என் வீட்டுக்காரர். மைக்ரான் நடந்து வந்தால் லேத்துக்காரர்கள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பார்கள் என்று அவர் சொல்வார்.

அதோடு போயிருந்தால் நான் இதை எழுதவே வேண்டாம். மனிதர் சீட்டுக் கட்டை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் வீட்டு ஃபிரிட்ஜில், குக்கரில், சுவர்க் கடிகாரத்தில், குளியலறை வாளியில் எல்லாம் பச்சை வட்டம் ஒட்டியிருக்கும். மாமியார் ஊரிலிருந்து அனுப்பிய மிக்ஸியில் மட்டும் மஞ்சள். அந்த மஞ்சளைப் பற்றி மல்லிகாக்கா, அதாவது மைக்ரானின் மனைவி, பதினோரு வருடமாக வழக்கு நடத்திக்கொண்டிருந்தார்.

நான் நாகர்கோவில்காரி. கல்யாணமாகிப் புனே வந்தபோது இந்தியும் தெரியாது, மராட்டியும் தெரியாது. படிக்கட்டில் தமிழ்க் குரல் கேட்டதும் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டேன். அவர்கள் வேலூர்ப் பக்கம், வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஊர் வழக்கப்படி நான் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். அன்றைக்கே என் வீட்டுக்கு வந்து, ஸ்டவ்விலிருந்து சுவர் எத்தனை அங்குலம் தள்ளி இருக்கிறது என்று அளந்து, மஞ்சள் சீட்டு ஒட்டிவிட்டுப் போனார். அது மரியாதை என்று மல்லிகாக்கா சொன்னார். பிடிக்காதவர்கள் வீட்டில் அவர் அளக்கவே மாட்டாராம்.

தொண்ணூற்றெட்டு ஜூன் கடைசியில், மழை பிடித்துக்கொண்ட வாரம், சொசைட்டியில் மூன்று ஸ்கூட்டர்களின் ஸ்டெப்னி டயர் அடுத்தடுத்துக் களவு போனது. கேட்டில் ஒரு நாய் வேண்டும் என்று முடிவாயிற்று. முடிவு செய்தவர் எங்கள் சேர்மன் சுபேதார் காகா. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற மராட்டிக்காரர். பகல் ஒன்றிலிருந்து நாலு வரை தூங்குகிற ஊர் புனே. சுபேதார் காகாவோ அதைக் கடமையாகத் தூங்குவார், அந்த நேரத்தில் காக்காய்கூட எங்கள் மாடியில் உட்காராது. தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கும் அவருடைய மைத்துனரிடம், கொடுப்பதற்கு ஒரு தடித்த அல்சேஷன் தயாராக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மைக்ரானின் ஸ்கூட்டருக்கு அடியில் ஒரு தெருநாய் வந்து படுத்துக்கொண்டது. ஆறு ஏழு மாதக் குட்டி, ஆண். தவிட்டு நிறம். மழையில் நனைந்து, காது மட்டும்தான் உடம்பை விடப் பெரிதாக இருந்தது. விலா எலும்பை எண்ணிவிடலாம். மைக்ரான் எண்ணினார். பதின்மூன்று ஜோடி, பார்ட்ஸ் எதுவும் குறையவில்லை என்று எங்களிடம் வந்து அறிவித்தார். அன்று சாயங்காலமே அதன் கழுத்தில் நூல் கட்டி மஞ்சள் சீட்டைத் தொங்கவிட்டு, சாம்பிள் என்று பெயரும் வைத்துவிட்டார்.

சுபேதார் காகா கீழே வந்து சாம்பிளைச் சுற்றி நடந்து பார்த்தார். இதைப் பார்த்தால் திருடன் அழுவான், அழுது ரொட்டி வாங்கிப் போட்டுவிட்டு அப்புறம்தான் டயரைக் கழற்றுவான் என்று இந்தியில் சொன்னார். நாய் வண்டிக்குச் சொல்லி அனுப்புவதாகவும் சொன்னார். மைக்ரான் அசையவில்லை.

"ரிஜெக்ட் நஹி சாப். ரீவொர்க்" என்றார்.

சுபேதார் காகா கொஞ்ச நேரம் மீசையைத் தடவினார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும்போது எடை குறைவாக இருக்கிற பையனை உடனே விரட்டிவிட மாட்டார்களாம், தேறி வர நாள் கொடுப்பார்களாம். தன் சர்வீஸில் அந்த நியாயத்தை மீறியதில்லை என்று சொல்லி, சாம்பிளுக்குத் தொண்ணூறு நாள் கொடுத்தார். தசராவுக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கு எடை பார்க்கப்படும். பதினைந்து கிலோ இருந்தால் சாம்பிள்தான் கேட்டுக்கு. இல்லையென்றால் தசரா நல்ல நாளில் தளேகாவ் அல்சேஷன் வேலையில் சேரும், சாம்பிள் வண்டியேறும். இரண்டு பேரும் கை குலுக்கிக்கொண்டார்கள். சாம்பிள் இருமியது.

மறுநாள் மைக்ரான் லீவு போட்டார். அவர் சர்வீஸில் அதற்கு முன்னால் லீவு போட்டது அவருடைய கல்யாணத்துக்கு மட்டும்தான், அதுவும் அரை நாள் என்று என் வீட்டுக்காரர் சத்தியம் செய்வார். நாயை மாட்டு டாக்டரிடம் தூக்கிப் போனார். டாக்டர் கையால் தூக்கிப் பார்த்து ஏழு கிலோ என்றார். வயிற்றில் புழு இருக்கிறது, முதலில் மருந்து கொடுங்கள், பட்டினி கிடந்த வயிறு, ஒரேயடியாகக் கொட்டாதீர்கள், கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை போடுங்கள் என்றார். குழைந்த சாதம், வேகவைத்த கோழி, முட்டை, தயிர், பூசணிக்காய். உப்பு, காரம், வெங்காயம் கூடாது. மைக்ரான் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். ஆனால் டாக்டரின் கையை மட்டும் அவர் நம்பவில்லை.

இங்கே அவர் தொழில் விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அளக்கும் கருவிகளைச் சரிபார்ப்பதற்கென்றே 'மாஸ்டர்' என்று ஒரு இரும்புக் கட்டி இருக்குமாம். பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருக்கும். அதை அடிக்கடி எடுத்து அளக்கக்கூடாது, தேய்ந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்பிச் சான்றிதழ் வாங்கினால் போதும், மீதி நாளெல்லாம் அது சொன்னதுதான் அளவு.

மைக்ரான் தன்னையும் அப்படி ஒரு மாஸ்டராகத்தான் வைத்திருந்தார். கல்யாணமான வருடத்திலிருந்து அவர் எடை அறுபத்தொரு கிலோ. ஒவ்வொரு ஏப்ரல் முதல் தேதியும் குளியலறை எடைமெஷினில் ஏறுவார், பீரோக் கதவின் உட்புறத்தில் எழுதுவார். பதினெட்டு வருடம், பதினெட்டு அறுபத்தொன்று. மஞ்சள் காமாலை வந்த வருடத்திலும் அறுபத்தொன்றுதான். மல்லிகாக்கா அந்தக் கதவைத் திறந்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். அவருக்கும் உள்ளுக்குள் பெருமைதான்.

சாம்பிள் எடைமெஷினில் நிற்கவில்லை. நாலு காலையும் ஒருசேர அதில் வைக்க அதற்கு மனசு வரவில்லை. எனவே மைக்ரான் அதை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினார். அறுபத்தெட்டு. அதில் அறுபத்தொன்று போக ஏழு. டாக்டரை அங்கேயே மன்னித்தார்.

நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். "அண்ணாச்சி, நீங்களும் தனியா ஒருக்கா ஏறிப் பாத்துட்டாத்தான் என்ன?" என்று கேட்டேன். என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"மாஸ்டரைத் தெனம் தெனம் எடுக்கக்கூடாதும்மா" என்றார்.

அப்புறம் தொடங்கியது திருவிழா. கதவில் உணவு அட்டை தொங்கியது. காலை ஆறு, பதினொன்று, மாலை நாலு, இரவு எட்டு. ஒவ்வொரு வேளைக்கும் கிராம் கணக்கு. கேட்டில் நாலு மொழியில் ஒரு பலகை: அனுமதி இல்லாமல் இந்த நாய்க்கு எதுவும் போடக்கூடாது. மாடி வீட்டுப் பிள்ளை ஒருநாள் ஒரு பிஸ்கட் போட்டுவிட்டது. மைக்ரான் மேலே ஏறிப்போய் அந்த பிஸ்கட்டின் கம்பெனி, ரகம், முழுசா உடைந்ததா என்று விசாரித்து எழுதிக்கொண்டு வந்தார். புழு மருந்து கொடுத்து மூன்றாம் நாள், அனுமதியில்லாமல் உள்ளே குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள் என்று சொசைட்டி முழுக்கச் சொன்னார். நாங்கள் அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

பகல் பதினொன்றுக்கு மல்லிகாக்கா போட வேண்டும். அவருக்கு இந்தக் கிராம் கணக்கெல்லாம் கிடையாது. கிண்ணத்தில் சாதத்தைக் கொட்டி, "ஏய், ச்சல், துன்னு" என்று அதட்டுவார். சாம்பிள் அவரைத்தான் அதிகம் நேசித்தது.

அட்டையில் இல்லாத ஐந்தாவது வேளை ஒன்றும் இருந்தது. அது என் வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானம் கேன்டீனில் மைக்ரான் டப்பாவைத் திறப்பாராம். ஆறு சப்பாத்தி இருக்கும். எவர்சில்வர் ஸ்கேலை வைத்து ஒவ்வொன்றையும் சரிபாதியாக வெட்டுவாராம். பாதி அவருக்கு, பாதி காகிதத்தில் மடித்துச் சாம்பிளுக்கு. தயிரிலும் பாதி. கூட்டிலிருந்து பூசணிக்காயை மட்டும் கழுவி எடுத்து டப்பா மூடியில் வைப்பாராம். கேட்டால், வளருகிற பிள்ளை என்பாராம்.

சாம்பிள் தேறியது. முதலில் இருமல் நின்றது. பிறகு வால் நிமிர்ந்தது. ஆடி முடிவதற்குள் விலா எலும்பு ஒவ்வொன்றாக உள்ளே போனது. ஷ்ராவண் மாதத்தில் தவிட்டு நிறம் மினுமினுப்பு கண்டது. கணபதி வந்து போவதற்குள் அது கேட்டில் நின்று ஒரு குரைப்புக் குரைத்தால் பால்காரர் சைக்கிளிலிருந்து இறங்கிவிடுவார். நாங்கள் எல்லோரும் பார்த்து மகிழ்ந்தோம். மைக்ரான் மட்டும் மகிழவில்லை, ஏனென்றால் ஞாயிறுதோறும் அவர் நாயைத் தூக்கிக்கொண்டு எடைமெஷினில் ஏறினார், முள் அறுபத்தெட்டை விட்டு நகரவே மறுத்தது. மூன்று வாரம் ஏழு. அப்புறம் ஏழே கால். ஐம்பது நாள் கழித்து ஏழரை.

"அண்ணாச்சி, நாய் நல்லாத் தடிச்சிட்டு. கண்ணால பாத்தாலே தெரியுது" என்று சொன்னேன்.

"கண்ணு ஒரு இன்ஸ்ட்ரூமென்ட்டே கிடையாதும்மா" என்றார். "ஆசை இருக்கிற எடத்துல கண்ணு எப்பவும் கூடத்தான் காட்டும்."

அது உண்மைதான் என்று எனக்கும் பட்டுவிட்டது. அவர் சொல்கிற விதத்தில் எதுவும் உண்மையாகப் படும். வேறு எடைமெஷினில் பார்க்கலாமே என்றால், அவற்றுக்கு எல்லாம் சான்றிதழ் கிடையாது, தன்னுடையது மட்டும்தான் போன மார்ச்சில் சரிபார்த்தது என்பார். முள் நகராத ஒவ்வொரு ஞாயிறும் அவர் சாம்பிளின் அட்டையைத் திருத்தினார், தன் டப்பாவிலிருந்து அதன் பங்கைக் கூட்டினார். அவருடைய ஆறு பாதி நாலாயிற்று, பிறகு மூன்று.

இதற்கு நடுவில் அவருடைய பெல்ட் நீள ஆரம்பித்தது. அப்படித்தான் அவர் சொன்னார். மழைக்காலத்தில் தோல் ஈரம் வாங்கி நீளுமாம். புதிதாக ஓட்டை போட்டார், பழைய ஓட்டைகளுக்கு இடையில் இருந்த அதே தூரத்தில், ஒரு மயிரிழை பிசகாமல். இரண்டு வாரத்தில் இன்னொரு ஓட்டை. அப்புறம் இன்னொன்று. பெல்ட் விற்ற கடைக்குப் போய், நீளும் தோலை விற்றதற்காக அரை மணி நேரம் நியாயம் கேட்டுவிட்டு வந்தார். சட்டைக் காலரில் இரண்டு விரல் போகிற இடம் இருந்தது. சட்டையும் ஈரம் வாங்கியிருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மல்லிகாக்கா அப்படி நினைக்கவில்லை. ஒரு மத்தியானம், சுபேதார் காகாவோடு ஊரே தூங்குகிற வேளையில், என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். முந்தானையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"இவுரு இளைச்சிக்கினே போறாரும்மா. டாக்டரண்ட வான்னா வரமாட்டேன்றாரு. எனக்கு ராத்திரி கண்ணு மூட முடியல" என்றார்.

அழுதார். அப்படி அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கே திருப்பதிப் பெருமாளுக்கு வேண்டிக்கொண்டார். புரட்டாசியில் அவர்கள் வீட்டில் கவுச்சி கிடையாது, அது வழக்கம். இந்த வருடம் ஆவணியிலேயே தொடங்கிவிடுவதாகவும், வீட்டுக்குள் முட்டை ஓடுகூட வராது என்றும், பெருமாள் இவரைப் பழையபடி ஆக்கித் தர வேண்டும் என்றும் வேண்டுதல். ஆக, புருஷன் இளைக்கிறார் என்பதற்காக அவர் தட்டில் மிச்சமிருந்த முட்டையும் போயிற்று. பெருமாளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

சாம்பிளின் முட்டைக்கு என்ன வழி? மேல் வீட்டு மராட்டிக்காரர்களும் கவுச்சி தொட மாட்டார்கள், ஷ்ராவண் முடிந்து கணபதி, கணபதி முடிந்து நவராத்திரி. பன்னிரண்டு வீட்டில் முட்டை வேகக்கூடிய அடுப்பு ஒன்றே ஒன்றுதான். நாங்கள் சி.எஸ்.ஐ.காரர்கள். எங்களுக்கு ஆவணியும் இல்லை, ஷ்ராவணும் இல்லை. சாயங்காலம் மைக்ரான் வாசலில் வந்து நின்று, என் சமையலறையை இரண்டாவது யூனிட்டாக ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

ஒன்றரை மாதம். தினமும் மாலை ஐந்தரைக்கு வருவார். நான் இரண்டு முட்டை போட வேண்டும், அவர் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் கொதித்து ஒன்பது நிமிடம். உரித்து, நூலால் குறுக்கே அறுத்து, வெர்னியரை வைத்து மஞ்சள் கரு நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் சிவப்பு. நாய்க்கு இதெல்லாம் தெரியுமா அண்ணாச்சி என்று கேட்டேன். நாய்க்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே என்றார். குற்றம் முட்டையில் இல்லையாம், என்னுடைய அலுமினியப் பாத்திரத்தின் அடி நெளிந்திருக்கிறதாம், கொதி ஒரு பக்கமாக வருகிறதாம். பாத்திரத்துக்கு மஞ்சள் சீட்டு. சிவப்பு வாங்கிய முட்டைகளை எல்லாம் என் வீட்டுக்காரர் சாப்பிட்டார். அந்தப் பருவத்தில் எங்கள் சொசைட்டியில் எடை கூடியவர்கள் அவரும் சாம்பிளும்தான்.

அத்தனை முட்டையை அறுத்தவர் ஒரு துண்டு வாயில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொள்ளுங்கள், அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்றேன். வேண்டுதல் யாருக்காக என்று மல்லிகா சொல்லவில்லை, ஆனால் வேண்டுதல் வேண்டுதல்தான் என்றார்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அவர் ஐந்தரைக்கு வந்தார், ஸ்டாப்வாட்சைக் கொண்டுவரவில்லை. அன்று காலை கடைசித் தடவையாக ஏறிப் பார்த்திருக்கிறார். அறுபத்தொன்பதரை. அறுபத்தொன்று போக எட்டரை. தொண்ணூறு நாளில் ஒன்றரைக் கிலோ.

சுபேதார் காகாவே மனசு இளகி ஒரு யோசனை சொல்லியனுப்பியிருந்தார். ஆள் எடுப்பு மைதானத்தில் பையன்கள் எடை பார்க்கப் போவதற்கு முன்னால் ஒரு டஜன் வாழைப்பழமும் ஒரு குடம் தண்ணீரும் உள்ளே தள்ளுவார்களாம், பார்த்தும் பார்க்காத மாதிரி விடுவது வழக்கமாம். மைக்ரானுக்கு அதைக் கேட்டு முகம் சிவந்துவிட்டது. பொய்யான பீஸுக்குப் பச்சைச் சீட்டு ஒட்டுகிறவன் நான் இல்லை என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லிவிட்டு, முட்டை கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாம்பிள் அவர் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"உங்க நாகர்கோயில் பக்கம் யாருக்காவது நாய் வேணுமாம்மா? நல்ல பிள்ளை. ட்ரெய்ன்ல நானே கொண்டாந்து வுட்டுட்டு வரேன்" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். "சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, அன்று வெந்த முட்டையை அளக்காமலே எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் ஆயுத பூஜை. பத்து மணிக்குப் பன்னிரண்டு வீடும் கீழே கூடிவிட்டது. சுபேதார் காகா இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். சாம்பிளைக் குளிப்பாட்டி, சந்தனப் பொட்டு வைத்திருந்தார் மல்லிகாக்கா. மைக்ரான் எடைமெஷினை எடுக்க உள்ளே போனார். போனவர் வரவில்லை. நாங்கள் எட்டிப் பார்த்தோம். பூஜையறையில் வெர்னியர், மைக்ரோமீட்டர், ஸ்பேனர், அரிவாள்மனை வரிசையில் எடைமெஷினும் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, பூச்சரம் சுற்றிப் பொரிகடலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். மல்லிகாக்கா வாசலை மறித்து நின்றார்.

"இன்னிக்கு ஒரு நாளாச்சும் அதுங்க சும்மா இருக்கட்டும்" என்றார். அந்த வீட்டில் அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சுபேதார் காகா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நாள் என்றால் நாள்தான் என்றார். தெருமுனையில் பழைய இரும்புக் கடை இருந்தது. அங்கே தரையோடு தரையாக ஒரு பெரிய தராசுப் பலகை உண்டு. கடைக்காரருக்குப் பூஜை மறுநாள்தான். அங்கே போகலாம் என்றார் காகா. சான்றிதழ் இல்லாத தராசு என்று மைக்ரான் முனகினார், ஆனால் வேறு வழியில்லை. மஞ்சள் சீட்டு கட்டிய நாய் முன்னால், சொசைட்டி மொத்தமும் பின்னால், ஊர்வலமாகப் போனோம்.

அகலமான இரும்புப் பலகை. சாம்பிள் தானாகவே ஏறி, நாலு காலையும் வைத்து, அம்சமாக உட்கார்ந்தது. பிறந்ததிலிருந்து அது தனியாக எடை பார்த்துக்கொண்டது அன்றைக்குத்தான். கடைக்காரர் கம்பியில் குண்டை நகர்த்தினார். ஏழு, எட்டு, எட்டரை தாண்டியும் கம்பி இறங்கவில்லை. பத்து. பன்னிரண்டு. மைக்ரான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். பதினைந்தரையில் வந்து கம்பி சமமாக நின்றது.

பெண்கள் கை தட்டினோம். பிள்ளைகள் குதித்தார்கள். சுபேதார் காகா விறைத்து நின்று சாம்பிளுக்கு சல்யூட் வைத்தார். மைக்ரான் மட்டும் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார்.

"தராசு தப்பு" என்றார். "இது ரிஜெக்ட்."

கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. ஐம்பது கிலோப் படிக்கல்லை உருட்டிக்கொண்டுவந்து பலகையில் வைத்தார். ஐம்பது காட்டியது. இருபது கிலோவை வைத்தார். இருபது காட்டியது. மைக்ரான் குனிந்து, கம்பியை ஆராய்ந்து, பலகைக்கு அடியில் ஊதி, கல்லைப் புரட்டி முத்திரை பார்த்தார். கடைசியில், "மாஸ்டரை வெச்சிப் பாத்துடலாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலோடு தானே ஏறினார்.

கடைக்காரர் குண்டை அறுபத்தொன்றில் வைத்தார். கம்பி கீழேயே கிடந்தது. பின்னால் நகர்த்தினார். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தாறு. ஐம்பத்து நாலில் கம்பி எழுந்தது.

மைக்ரான் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு கணக்குப் போடுவது தெரிந்தது. ஐம்பத்து நாலும் பதினைந்தரையும் அறுபத்தொன்பதரை. நேற்றுக் காலை அவர் குளியலறையில் முள் காட்டிய அதே அறுபத்தொன்பதரை. மெல்ல அவர் முகம் மலர்ந்தது. அந்த மாதிரி ஒரு மலர்ச்சியை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"மெஷின் கரெக்ட்டு மல்லிகா" என்றார். "மாஸ்டர்தான் தேஞ்சிபோயிருக்குது."

மல்லிகாக்கா அவரைத் தெருமுனையில், சொசைட்டி முன்னால், வேலூர்த் தமிழில் கால் மணி நேரம் திட்டினார். நாய்க்குப் போட்டுப் போட்டே தேய்ந்தீரா, நான் பெருமாளிடம் போய் அழுதேனே, பெல்ட்டு நீளுது என்று கதை சொன்னீரே என்று சரமாரியாக. திட்டிக்கொண்டே அவர் காலரைச் சரி செய்தார், திட்டிக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியாதி இல்லை, வெறும் பசிதான் என்று தெரிந்த நிம்மதியில் அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. எங்களுக்கும்தான். மைக்ரான் அதற்கெல்லாம் காது கொடுக்காமல் சட்டைப் பையிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்து, மஞ்சளை அவிழ்த்துவிட்டு, சாம்பிளின் கழுத்தில் கட்டினார்.

மறுநாள் தசராவுக்கு சாம்பிள் பணியேற்றது. அதற்குப் பிறகு எங்கள் சொசைட்டியில் ஒரு டயர் போகவில்லை. பகல் ஒன்றிலிருந்து நாலு வரை அதுவும் தூங்கும், சுபேதார் காகாவின் பழக்கம். கதவில் புது அட்டை தொங்கியது, இந்தத் தடவை மல்லிகாக்காவின் கையெழுத்தில்: நாலு வேளை, கிராம் கணக்கு கிடையாது, போட்டதைச் சாப்பிட வேண்டும், அனுமதியில்லாமல் யாருக்கும் பங்கு கொடுக்கக்கூடாது. மைக்ரான் சாப்பிடும்போது சாம்பிள் எதிரில் உட்கார்ந்து, அவர் கை தட்டுக்கும் வாய்க்கும் ஒழுங்காகப் போய் வருகிறதா என்று கண்காணித்தது. வேண்டுதல் முடிந்ததும் மாலை ஐந்தரை முட்டை அவருக்கு என்று ஆனது. அப்போதும் அறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டார். அடுத்த ஏப்ரலில் பீரோக் கதவில் மறுபடி அறுபத்தொன்று ஏறியது.

இரண்டாயிரத்து நாலில் என் வீட்டுக்காரருக்கு வேறு வேலை கிடைத்து நாங்கள் புனேயின் மறுகோடியில் வாகட் பக்கம் போனோம். சாமான் ஏற்றும் நாளில் மைக்ரான் வந்து ஒவ்வொரு பெட்டியாக அளந்து பார்த்தார். ஒன்றிலும் சீட்டு ஒட்டக் காணோம். அது ஒன்றே எனக்குத் தாங்க முடியவில்லை. லாரி கிளம்பும்போது சாம்பிள் கேட்டு வரைக்கும் வந்தது, அவர் வரவில்லை. பூட்டிய எங்கள் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்திருந்தார் என்று மல்லிகாக்கா பிறகு சொன்னார்.

புது வீட்டில் பெட்டியைப் பிரித்தபோதுதான் பார்த்தேன். என்னுடைய அந்த நெளிந்த முட்டைப் பாத்திரத்தின் அடியில் மஞ்சள் சீட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, பச்சை வட்டம் ஒட்டியிருந்தார். பிறகு எத்தனையோ பாத்திரம் வாங்கிவிட்டேன். அதை மட்டும் அடுப்பில் ஏற்றுவதில்லை, அந்தச் சீட்டு கருகிவிடுமே.